கோடு போட்டதா, கோடில்லாததா: மெட்டில்லாத பேஸ் ஒன்றின் வரலாறு

பேஸ் கிற்றாரில் மெட்டில்லாத வகை ஒண்டு இருக்கு. சாதாரண கிற்றாரின் கழுத்தில குறுக்கால பதிச்சிருக்கிற உலோகக் கம்பிகளைக் கடைக்காரர் ‘ஃபிரெட்’ எண்டு சொல்லுவார். வீணைக்காரர் அதே சாமானுக்கு வச்சிருக்கிற பேர் மெட்டு. நல்ல தமிழ்ச்சொல், அதையே நாங்களும் எடுத்துக்கொள்றம். மெட்டு இருந்தா, விரல் ஒரு சொட்டு முன்னப்பின்ன பட்டாலும் தந்தி மெட்டிலதான் போய் முட்டும், சுரம் சரியா வரும். மெட்டில்லாட்டி விரல் எங்க பட்டுதோ அங்கதான் சுரம். அரை மில்லிமீற்றர் பிசகினாலும் கேக்கிறவருக்குத் தெரியும்.

இந்த மெட்டில்லாத பேஸ் ரெண்டு விதமா வரும். ஒண்டில, மெட்டு இருந்திருக்க வேண்டிய இடத்தில மெல்லிய கோடுகள் தெரியும். தொட்டா ஒண்டும் தட்டுப்படாது, கண்ணுக்கு மட்டும்தான். மற்றதில பலகை முழுக்க வெறும் மரம். எங்கட குழுவில நாலைஞ்சு பேர் சேர்ந்து ஒரு பேஸ் வாங்கக் காசு சேர்க்கிறதால, எது வாங்குறது எண்ட வாதம் பல கிழமையா நடக்குது. “கோடு பார்த்து வாசிக்கிறவன் வாசிக்கத் தெரியாதவன்” எண்டு ஒரு பக்கம். “கோடில்லாம வாசிச்சா கேக்கிறவன் பாவம்” எண்டு மறுபக்கம்.

வாதத்தைத் தீர்க்கிறதுக்காக வாசிக்கத் தொடங்கினம். வாசிக்க வாசிக்க, இது கிற்றார்க் கடைக் கேள்வி மட்டும் இல்ல எண்டு விளங்கிச்சு. அந்தக் கோடு எங்க இருந்து வந்தது, அதை யார் போட்டது, கோடில்லாம வாசிக்கிற வசதி யாருக்குக் கிடைச்சது எண்டு போனா, தஞ்சாவூரும் பக்தாதும் எங்கட காரைதீவும் ஒரே கதைக்குள்ள வந்து நிக்குது.

கோடு எங்க இருந்து வந்தது

முதல்ல பேஸின் சொந்தக் கதை. மின்சார பேஸ் கிற்றார் வர முதல், ஜாஸ் இசையிலயும் நடன இசையிலயும் அடித்தந்தி வாசிச்சது டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு நிக்கிற பெரிய வயலின் மாதிரி ஒரு வாத்தியம். அதில மெட்டும் இல்ல, கோடும் இல்ல. காவுறது கஷ்டம், சத்தமும் காணாது. 1951இல் அமெரிக்காவில லியோ ஃபெண்டர் தோளில போட்டு வாசிக்கக்கூடிய மின்சார பேஸ் ஒண்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதுக்கு அவர் வச்ச பேர் ‘பிரிசிஷன்’, அதாவது துல்லியம். மெட்டு இருக்கு, ஆகவே சுரம் பிசகாது எண்டதுதான் அந்தப் பேரின் அர்த்தம். கிற்றார் தெரிஞ்ச எவரும் அடுத்த நாளே பேஸ் வாசிக்கலாம் எண்ட நிலை வந்தது.

பத்து வருஷத்துக்குள்ள அந்த மெட்டைக் கழட்டுற வேலையும் தொடங்கிட்டுது. 1961இல் இங்கிலாந்தில பில் வைமன் எண்ட இளைஞர் ஒரு மலிவான பேஸை வாங்கி, தேஞ்சுபோன மெட்டுகளைப் புடுங்கினார். புது மெட்டு போடுறதுதான் அவர்ட எண்ணம். புடுங்கினபிறகு வந்த சத்தம் பிடிச்சுப்போக, அப்படியே விட்டுட்டார். அடுத்த வருஷம் அவர் ரோலிங் ஸ்ரோன்ஸ் குழுவில சேர்ந்தார். 1966இல் அம்பெக் கம்பனி மெட்டில்லாத பேஸ் ஒண்டைத் தானாகவே செஞ்சு வித்தது. 1970இல் ஃபெண்டரும் தன்ட ‘துல்லிய’ பேஸை மெட்டில்லாம வெளியிட்டது. மெட்டுக்காகவே பேர் வச்ச வாத்தியம் மெட்டை இழந்தபிறகும் அதே பேரில வித்ததை நினைச்சா எங்களுக்குச் சிரிப்புத்தான் வருது.

ஆனா உலகத்துக்கு இந்த வாத்தியத்தை அறிமுகப்படுத்தினவர் எண்டா ஜாக்கோ பாஸ்டோரியஸ்தான். 1976இல் அவர்ட முதல் தனி இசைத்தட்டு வந்தது. அதே ஆண்டு வெதர் ரிப்போர்ட் குழுவிலயும் சேர்ந்தார். அவர் வாசிச்சது 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸ். மெட்டுகளைக் கழட்டி, அந்த வெட்டுகளை மர நிரப்பியால் அடைச்சு, பலகை முழுக்கப் படகுக்குப் பூசுற எபொக்சியைப் பூசியிருந்தது. முறுக்குக் கம்பி சுத்தின தந்தி மரத்தை அராவிப்போடும், அதுக்குத்தான் அந்தப் பூச்சு. எங்கட கரையில இருக்கிறவங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்ல. ஃபைபர் போட்டை ஒட்டுற, அறுகம்பேயில சேர்ஃபிங் பலகைக்கு ஒட்டுப் போடுற சாமானின் சொந்தக்காரன்தான் அது.

கவனிக்க வேண்டியது அந்த அடைச்ச வெட்டுகளை. மெட்டு போயிட்டுது, வெட்டின தழும்பு மட்டும் கோடாத் தெரியுது. ஜாக்கோவின் பேஸில கோடு இருந்தது ஒருத்தர் யோசிச்சு வரைஞ்சதால இல்ல. அது மெட்டு இருந்த இடத்தின் தடம். இண்டைக்குத் தொழிற்சாலைகள் அந்தத் தடத்தை வேணுமெண்டே செய்து விக்குது. ‘கோடு பார்த்து வாசிக்கிறவன் தெரியாதவன்’ எண்டு சொல்றவங்க, மெட்டில்லாத பேஸை உலகத்துக்குக் காட்டின ஆளின் பலகையிலயே கோடு இருந்ததை மறந்திடுறாங்க.

கோடு என்ன சொல்லுது, என்ன சொல்லாது

இனி கோட்டின் கணக்கைப் பார்ப்பம். சாதாரண பேஸில தந்தியின் நீளம் 34 அங்குலம், கிட்டத்தட்ட 864 மில்லிமீற்றர். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமமான படியாப் பிரிச்சு, அந்தக் கணக்குப்படிதான் கோடு போடுறாங்க. பியானோவும் கீபோர்டும் இதே கணக்கிலதான் ஓடுது. எந்தச் சுரத்தில இருந்து தொடங்கினாலும் பாட்டு ஒரே மாதிரி வரோணும் எண்டதுக்காகச் செஞ்ச ஒரு சமரசம் அது.

திறந்த தந்தியை ஸ எண்டு வைப்பம். தந்தியின் மூண்டில ஒரு பங்கில, அதாவது 288 மில்லிமீற்றரில விரல் வச்சா சுத்தமான பஞ்சமம். ஏழாவது கோடு இருக்கிறது 287இல். வித்தியாசம் ஒரு மில்லிமீற்றர் கூட இல்ல. சரி, கோட்டை நம்பலாம். இப்ப அந்தர காந்தாரத்துக்கு வருவம். தந்தியின் அஞ்சில ஒரு பங்கு, 173 மில்லிமீற்றர். தம்புராவைப் போட்டுவிட்டு அதோட ஒட்டிப்போற காந்தாரம் தேடினா காது போய் நிக்கிறது இந்த இடத்திலதான். நாலாவது கோடு இருக்கிறதோ 178இல். அஞ்சு மில்லிமீற்றருக்கு மேல தள்ளி! மெட்டில்லாத பேஸில அஞ்சு மில்லிமீற்றர் எண்டா கூட்டத்தில ஒருத்தர் திரும்பிப் பார்க்கிற அளவுப் பிசகு.

அப்ப கோடு பொய்யா? பொய் இல்ல. கீபோர்டோட சேர்ந்து வாசிக்கிற ஆளுக்கு 178தான் சரி. தம்புராவோட வாசிக்கிறவருக்கு 173. கோடு சொல்றது ஒரு குறிப்பிட்ட ஊரின், ஒரு குறிப்பிட்ட காலத்தின் உடன்படிக்கையை. அது எல்லாருக்கும் பொதுவான உண்மை எண்டு நினைக்கிற இடத்திலதான் பிரச்சினை தொடங்குது. இந்த உடன்படிக்கையை வேற வேற ஊர்களில வேற வேற ஆக்கள் எப்படிச் செஞ்சாங்க எண்டதுதான் எங்களை வரலாற்றுக்குள்ள இழுத்தது.

தஞ்சாவூரில் மெழுகு இறுகின காலம்

17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில தஞ்சாவூரை ஆண்டவர் ரகுநாத நாயக்கர். அவர்ட அமைச்சர் கோவிந்த தீட்சிதர். இப்ப நாங்க காணுற சரஸ்வதி வீணை, 24 மெட்டுகளோட இந்த வடிவத்துக்கு வந்தது அந்த அரசவையில எண்டுதான் இசை வரலாறு சொல்லுது. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு, ரெண்டு ஸ்தாயிக்கு 24. முதல் ராகத்துக்கு ராகம் மெட்டை மாத்தி வைக்கிற வீணைகளும் இருந்தன. 24 மெட்டும் நிலையா வந்தபிறகு ஒரே வீணையில எல்லா ராகமும் வாசிக்கலாம் எண்டாச்சு.

அதுக்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். தீட்சிதரின் மகன் வேங்கடமகி ‘சதுர்தண்டிப் பிரகாசிகை’யில 72 மேளங்களின் கணக்கை எழுதினார். ஸ்தாயிக்குப் பன்னிரண்டு இடம் எண்டு நிலையா வச்சபிறகுதான், அந்த இடங்களில இருந்து எத்தனை விதமா ஏழு சுரம் பொறுக்கலாம் எண்டு எண்ண முடியும். பலகையில மெட்டு இறுகினது, பிறகு முழுச் சங்கீதத்தையும் அடுக்கி வைக்கிற அலுமாரியா மாறிச்சு.

ஆனா வீணைக்காரர் மெட்டுக்கு அடிமையாகல்ல. தந்தியை மெட்டின்மேல வச்சுப் பக்கவாட்டில இழுத்து, ஒரே மெட்டில ரெண்டு மூண்டு சுரம் எடுப்பார். மெட்டை மெழுகில பதிக்கிற முறையும் கவனிக்க வேண்டியது. ‘மேளம் கட்டுறது’ எண்டு சொல்ற அந்த வேலையை வீணை செய்றவர் காதாலதான் செய்வார். ஒவ்வொரு மெட்டாத் தட்டிப் பார்த்து, கேட்டு, நகர்த்தி, சரியெண்டு பட்டபிறகு இறுக்குவார். பேஸின் கோட்டைத் தொழிற்சாலை கணக்கால போடுது, வீணையின் கோட்டை ஒரு மனுஷர் காதால போடுறார். ரெண்டும் கோடுதான், பிறந்த இடம்தான் வேற.

அதே தஞ்சாவூர்ப் பக்கம் மெட்டே இல்லாத வாத்தியமும் வளர்ந்தது: கோட்டுவாத்தியம். வீணை மாதிரித்தான் உடம்பு, மேல் பலகையில மெட்டு இல்ல, ஒரு கட்டையைத் தந்திமேல வழுக்கி வாசிக்கிறது. அந்தக் கட்டைக்குப் பேர்தான் கோடு. கோட்டுவாத்தியத்தில கோடு இருக்கு, ஆனா கோடில்ல! திருவிடைமருதூர் சகாராம ராவ் இதில பேர்போனவர். செம்மங்குடி சீனிவாச ஐயர் அவரிட்ட படிச்சவர். பாட்டுக்காரர் ஒருத்தர் மெட்டில்லாத வாத்தியக்காரரிட்டப் படிச்சது தற்செயல் எண்டு எங்களுக்குத் தோணல்ல. குரலுக்கும் மெட்டில்லத்தானே.

வயலினும் இதே வழியால உள்ள வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மதராசில ஐரோப்பிய வயலினைப் படிச்சு, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரர் நிண்டு வாசிச்சதை எங்கட ஆக்கள் சம்மாணம் கொட்டி இருந்து, நெஞ்சுக்கும் கணுக்காலுக்கும் நடுவில வச்சு வாசிக்கத் தொடங்கினாங்க. கோடில்லாத பலகை குரலின் வளைவுக்கு அப்படியே ஒத்துப்போனது.

காரைதீவுக்காரர் போட்ட கணக்கு

இவ்வளவையும் கேட்டா, கணக்கு எண்டது காதுக்கு எதிரி எண்டு நினைக்கத் தோணும். அப்படி இல்ல எண்டதுக்குச் சாட்சி எங்கட றோட்டிலயே இருக்கு. பொத்துவிலில இருந்து கல்முனைக்கு பஸ் ஏறினா, அக்கரைப்பற்று, நிந்தவூர் தாண்டினபிறகு காரைதீவு. சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்தது அங்கதான். பள்ளிக்கூடத்தில எங்களுக்குத் துறவி எண்டும் தமிழ்ப் பேராசிரியர் எண்டும் சொல்லித் தந்தாங்க. அவர் விஞ்ஞானப் பட்டதாரி எண்டது யாருக்கும் அவ்வளவா ஞாபகம் இல்ல.

அவர்ட ‘யாழ் நூல்’ 1947 ஜூனில திருக்கொள்ளம்பூதூரில அரங்கேறியது. அடுத்த மாசமே அவர் காலமானார். பல வருஷ உழைப்பு அது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில சொல்லியிருக்கிற இசைக் குறிப்புகளை எடுத்து, தந்தியின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள விகிதக் கணக்கால பழைய யாழ்களை மீட்டெடுக்கப் பார்த்தார். அவர் தேடின யாழ் மெட்டும் பலகையும் இல்லாத வாத்தியம். ஒரு தந்திக்கு ஒரு சுரம். அதன் வளைஞ்ச தண்டுக்கும் பேர் கோடு. அந்தக் கோட்டில நரம்பை இழுத்துக் கட்டுற வாருக்குப் பேர் திவவு. திவவை இறுக்கியோ தளர்த்தியோதான் சுருதி கூட்டுவாங்க.

மறைஞ்சுபோன ஒரு வாத்தியத்தைக் காதால கேக்க முடியாது. அதன் சத்தத்துக்குக் கிட்டப் போக விபுலாநந்தருக்கு இருந்த ஒரே வழி கணக்கு. சொல்லித்தர ஆள் இல்லாத இடத்தில அளவு கைகொடுக்கும் எண்டதை இதைவிடத் தெளிவா வேற எந்த உதாரணமும் எங்களுக்குக் காட்டல்ல. இதைப் பிறகு திரும்ப எடுப்பம்.

பக்தாதில் ஒரு விரல் இடம்

இதே கேள்வி, தஞ்சாவூருக்கு எண்ணூறு வருஷத்துக்கு முதல் பக்தாதில வந்தது. அரபிகளின் தந்தி வாத்தியம் அல்-ஊத். இண்டைக்கு அதில மெட்டும் இல்ல, கோடும் இல்ல. ஆனா அல்-கிந்தி, அல்-ஃபாராபி போன்ற அறிஞர்கள் எழுதின இசை நூல்களில அதன் கழுத்தில எந்த இடத்தில எந்த விரல் எண்டு அளந்து எழுதியிருக்கு. 950 அளவில காலமான அல்-ஃபாராபியின் ‘கிதாபுல் மூஸீக்கா அல்-கபீர்’ இதில பெரிய நூல்.

அந்த நூலில ஒரு இடத்துக்கு ஒரு வாத்தியக்காரரின் பேரே இருக்கு: ‘வுஸ்தா ஸல்ஸல்’, அதாவது ஸல்ஸலின் நடுவிரல். ஹாரூன் அல்-ரஷீத் கலீஃபாவின் காலத்தில பக்தாதில வாழ்ந்த மன்சூர் ஸல்ஸல் எண்ட வாத்தியக்காரர் நடுவிரலை வச்ச இடம் அது. சின்ன காந்தாரமும் இல்ல, பெரிய காந்தாரமும் இல்ல, ரெண்டுக்கும் இடையில. அல்-ஃபாராபி அதை 27க்கு 22 எண்ட விகிதமா எழுதி வச்சார். அந்தக் கணக்கை எங்கட பேஸில போட்டுப் பார்த்தம். 160 மில்லிமீற்றர் வருது. மூண்டாவது கோடு 137இல், நாலாவது கோடு 178இல். ஸல்ஸலின் சுரம் ரெண்டு கோட்டுக்கும் கிட்டத்தட்ட நட்டநடுவில, வெறும் மரத்தில நிக்குது.

அந்த இடம் எங்களுக்குப் புதுசும் இல்ல. கிராஅத் போட்டிக்குப் போன பிள்ளைகளுக்கு பயாத்தி, ரஸ்த், ஹிஜாஸ் எண்ட பேர்கள் தெரியும். ஓதலை நாங்க சங்கீதத்தோட சேர்க்கல்ல, அது வேற இடம், வேற மரியாதை. ஆனா ரஸ்த்திலயும் பயாத்தியிலயும் வாற ‘இடைப்பட்ட’ சுரங்களைச் சின்ன வயசில இருந்தே எங்கட காது கேட்டு வளர்ந்திருக்கு எண்டதை மறைக்க ஏலாது. பொத்துவில், அக்கரைப்பற்றுப் பக்கம் வயசான உம்மாமார் பாடுற கவியும் அப்படித்தான். வாத்தியம் எதுவும் இல்லாம குரல் தன்பாட்டில வழுக்கிப் போகும். பன்னிரண்டு கோட்டுக்குள்ள அடங்காத காது ஒண்டு இந்த ஊரில முதலே இருக்கு.

இதில ஒரு சொல் விளையாட்டும் இருக்கு. சித்தாரின் மெட்டுக்கு வடக்கில பர்தா எண்டு பேர். ஆம், அதே சொல்தான், திரை. சித்தாரின் பர்தா நூலால கட்டினது. வாசிக்கிறவர் ராகத்துக்குத் தக்கபடி அதை மேலயும் கீழயும் நகர்த்திக்கொள்வார். கல்லில வெட்டின மாதிரி இல்லாம, தேவைக்கு நகருற கோடும் உலகத்தில இருக்கு.

கோட்டைக் குற்றவாளியாக்கின காலம்

கோட்டின்மேல கோவம் வந்த காலமும் உண்டு. 1940இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்துக்குத் தடை போட்டது. அதன் கட்டைகள் பன்னிரண்டு சுரத்தில உறைஞ்சு நிக்குது, வழுக்க ஏலாது, இந்திய இசைக்கு அது ஒவ்வாது எண்டதுதான் காரணம். தாகூரும் ஹார்மோனியத்தை விரும்பல்ல. 1971இல்தான் தடை தளரத் தொடங்கியது.

அந்த வாதத்தில நியாயம் இருக்கு, கமகம் ஹார்மோனியத்தில வராது. ஆனா ஹார்மோனியம் மலிவு, காவலாம், சுருதி அடிக்கடி கலையாது. நாடகக்காரருக்கும் கவ்வாலிக்காரருக்கும் வீட்டில தனியாப் பாடிப் பழகின பிள்ளைகளுக்கும் அதுதான் துணை. தடை போட்டவங்களுக்கு அந்தத் துணை தேவைப்படல்ல எண்டதையும் சேர்த்துப் பார்க்கோணும்.

உறைஞ்ச சுரத்தை வச்சே கமகம் எடுத்த ஆளும் உண்டு. உ. ஸ்ரீநிவாஸ் சின்னப் பொடியனா இருக்கக்குள்ளயே மேடையேறினவர். அவர் வாசிச்சது மாண்டலின், கழுத்து முழுக்க மெட்டு. அதில கர்நாடக சங்கீதம் வருமா எண்டு கேட்டவங்களுக்கு மேடையில பதில் சொன்னார். மெட்டு இருந்தும் வழுக்கினார். அப்ப கோடு ஆளைக் கெடுக்கும் எண்ட பேச்சு எவ்வளவு தூரம் நிக்கும்?

கோடில்லாம வாசிக்கிற வசதி யாருக்கு

எங்கட வாதத்தின் உண்மையான முடிச்சு இங்கதான் இருக்கு. கோடில்லாத பலகை அழகு. அதை வாசிக்கிறவரை உலகம் மதிக்குது. ஆனா கோடில்லாத வாத்தியம் தழைச்ச ஒவ்வொரு இடத்திலயும் கோட்டுக்குப் பதிலா இன்னொண்டு இருந்திருக்கு: பக்கத்தில ஒரு ஆள். வயலின் படிச்ச பிள்ளைக்குக் குரு இருந்தார், ‘கூடிட்டுது, குறைஞ்சிட்டுது’ எண்டு சொல்றதுக்கு. டபுள் பேஸ்காரருக்கு இசைப் பள்ளி இருந்தது. மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பங்களில கபறிஞ்ஞா வாசிக்கிற வயலின் கலியாண வீடுகளில பெரியவர் வாசிக்க இளையவர் பக்கத்தில இருந்து கேட்டுக் கைமாறினது. கோடு பலகையில இல்லாட்டியும் அடுத்த ஆளின் காதில இருந்தது.

பொத்துவிலில பேஸ் சொல்லித்தர யாரும் இல்ல. சீசனில அறுகம்பேயில வாசிக்கிற குழுக்கள் இரவு வாசிச்சிட்டு விடியப் போயிடும். தந்தி வாத்தியம் வீட்டுக்குள்ள வாறதை விரும்பாத பெரியவங்களும் எங்கட குடும்பங்களில இருக்கிறாங்க. அவங்களோட சண்டை பிடிக்கிறது இந்தக் கட்டுரையின் வேலை இல்ல. றபானையும் பொல்லடியையும் தலைமுறை தலைமுறையாக் கைமாத்தித் தந்த ஊர் இது. தந்தி வாத்தியம் அப்படிக் கைமாறல்ல, அவ்வளவுதான் நாங்க சொல்றது. ஆகவே பழகுறவர் அறைக்குள்ள ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு தனியாத்தான் பழகுவார். ‘கூடிட்டுது’ எண்டு சொல்ல ஒரு ஆளும் இருக்காது.

இந்த நிலையில “கோடு வேண்டாம், காதை நம்பு” எண்டு சொல்றது, நீந்தத் தெரிஞ்ச ஒருத்தர் கரையில நிண்டு “தண்ணியை நம்பு” எண்டு சொல்ற மாதிரி. சொல்றது சரிதான், ஆனா அவரை முதல்ல தண்ணிக்குள்ள யாரோ ஒருத்தர் கையைப் பிடிச்சுத்தான் இறக்கினது. கோடு வேண்டாம் எண்ட பெருமைக்குப் பின்னால அந்தக் கை இருக்கு. கை கிடைக்காதவங்களைப் பார்த்து ‘தெரியாதவன்’ எண்டு சிரிக்கிறது நியாயம் இல்ல. கேக்க முடியாத யாழுக்கு விபுலாநந்தர் கணக்கால வழி போட்டார் எண்டா, ஆசிரியர் இல்லாத ஊரில ஒரு பிள்ளை கோட்டைப் பிடிச்சு நடக்கிறதில என்ன வெக்கம்?

எதிர்ப்பக்கம் சொன்னதில் சரியானது

கோடு வேண்டாம் எண்ட கூட்டாளிகள் சொன்னதில ரெண்டு விஷயத்தை நாங்க ஏத்துக்கொள்றம். முதலாவது, கண் சோம்பேறி. கோடு இருந்தா அதைப் பார்த்து வச்சிட்டு, கேக்கிறதை விட்டிடும். கோட்டில விரல் இருக்கு, ஆகவே சுரம் சரி எண்டு மூளை முடிவெடுத்திடும். அந்தக் காந்தாரத்தின் அஞ்சு மில்லிமீற்றர் அங்கதான் காணாமப் போகும்.

ரெண்டாவது, வாசிக்கிறவருக்குக் கோடு நேராத் தெரியாது. பேஸ் உடம்போட சாஞ்சு நிக்கும். மேல இருந்து சரிவாப் பார்க்கக்குள்ள தெரியிறது பலகையின் விளிம்பு மட்டும்தான். கோட்டை முழுசாப் பார்க்க எண்டு வாத்தியத்தை முகத்தை நோக்கிச் சரிச்சா மணிக்கட்டு மடங்கி நோவெடுக்கும். அதால கோட்டைவிடப் பக்கத்து விளிம்பில இருக்கிற புள்ளிகள்தான் உண்மையில உதவும். வாங்குறவங்க அந்தப் புள்ளியைக் கவனிக்கோணும். மெட்டுள்ள பேஸில புள்ளி ரெண்டு மெட்டுக்கு நடுவில இருக்கும். கோடில்லாத பேஸ் பலதில புள்ளி சுரத்தின் இடத்திலயே இருக்கும். ஒண்டில பழகின கை மற்றதுக்குப் போனா அரைச் சுரம் தள்ளி விழும். மெட்டுள்ள பேஸில விரலை மெட்டுக்குச் சற்றுப் பின்னால வைக்கிறது, மெட்டில்லாததில கோட்டின்மேலயே வைக்கிறது எண்டதையும் மறக்கக் கூடாது.

இதெல்லாம் வச்சுப் பார்த்து, எங்கட முடிவு கோடு போட்டதுக்குத்தான். அதோட சில கட்டுப்பாடும் வச்சிருக்கிறம். பழகத் தொடங்க முதல் போனில தம்புரா செயலியைப் போடுறது, திறந்த தந்தியை அதோட சேர்க்கிறது. ஒவ்வொரு சுரத்தையும் முதல்ல வாயால பாடுறது, மறுகா விரலால தேடுறது, கடைசியில மட்டும் கோட்டைப் பார்க்கிறது. அந்தர காந்தாரத்தில கோட்டுக்கும் காதுக்கும் சண்டை வந்தா, கூட வாசிக்கிறது கீபோர்டா தம்புராவா எண்டு பார்த்துத் தீர்ப்புச் சொல்றது. ஒரு மாசத்துக்குப் பிறகு லைட்டை அணைச்சுப்போட்டு வாசிக்கிறது.

வாங்கினவுடன செய்யிறதுக்கு இன்னொரு வேலையும் இருக்கு. மூண்டாவது கோட்டுக்கும் நாலாவது கோட்டுக்கும் நடுவில, தந்தி தொடங்கிற இடத்தில இருந்து 160 மில்லிமீற்றர் அளந்து, பக்க விளிம்பில பென்சிலால ஒரு சின்னப் புள்ளி வைக்கப்போறம். தொழிற்சாலை போடாத, பக்தாத்காரர் ஒருத்தர் நடுவிரல் வச்ச இடம் அது. காது பழகினபிறகு புள்ளி அழிஞ்சுபோனாலும் பரவாயில்ல.